எல்லாருக்கும் அப்படித்தானே!

"என் பையனுக்குப் பரிசோதனையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! ஏதோ குறைன்னு எழுதிட்டா, அரசாங்கப் பணத்துல தனியா நடத்துற அந்த சார்ட்டர் ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்க" என்று வழியெல்லாம் முரண்டு பிடித்தான் டெல்மர்.

"குறை இருக்குன்னு சேத்துக்காம விட முடியாதுன்னு சட்டமே இருக்கு. நீ பேசாம வா" என்று அவனைப் பள்ளிக்குள் இழுத்துப் போனாள் மனைவி ரொனெல்.

பள்ளியின் செவித்திறன் நிபுணர் மிஸ் வெர்லின், அவர்களின் ஐந்து வயது மகன் ஓட்டிஸைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "டீச்சர் பேசினா உனக்கு எப்படிக் கேக்குது, கண்ணா?"

"பசங்க சத்தம் போட்டா, டீச்சர் சொல்றது எல்லாம் ஒட்டிக்கிட்டுக் கூழாயிடுது."

டெல்மர் கடகடவென்று சிரித்தான். "இதுல என்ன அதிசயம்? இரைச்சல்ல எல்லாருக்கும் அப்படித்தானே கேக்கும்!"

யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு அப்படி இல்ல, டெல்மர்" என்றாள் ரொனெல் மெல்ல. "ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா கேக்கும்."

மிஸ் வெர்லின் நாற்காலியை டெல்மர் பக்கம் நகர்த்தினாள். "முழுசா சோதிச்சுப் பாத்துடலாம். இரைச்சல்ல பேச்சைப் பிரிச்சுக் கேக்க முடியாததுதான் சிக்கல்னா, டீச்சர் குரல் நேரா இவன் காதுக்கே வர்ற மாதிரி ஒரு கருவி தருவோம். நல்லாப் படிப்பான்."

பரீட்சைதோறும் தோற்று, பாதியிலேயே படிப்பை விட்டவன் டெல்மர்.

"அப்போ... நான் மக்கு இல்லையா, மிஸ்?"

"இல்லவே இல்ல."

அவன் மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "இன்னைக்கே ஆரம்பிங்க."