தபால் பெட்டியில் விபூதி

"யார் குடுத்ததுன்னே தெரியாத பணத்த வாங்கி வெச்சிக்கினு, ஊருக்கு நேர்மை சொல்ல வந்துட்டாங்க!"

காலை எட்டு மணிக்கே தேவசுந்தரி வீட்டு வாசலில் சந்திரமோகன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கவுன்சிலர் தேர்தலுக்கு இன்னும் மூன்று நாள்தான். அவரும் வேட்பாளர், தேவசுந்தரியும் வேட்பாளர்.

சண்டைக்குக் காரணம், வாசல் சுவரில் தொங்கிய கரும்பலகை.

முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன தேவசுந்தரியை வார்டில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுயேச்சையாக நின்ற முதல் நாளே சிஸ்டர் அந்தப் பலகையை மாட்டிவிட்டார். "எனக்கு யார் எவ்வளவு தந்தாலும் பெயரோடு இதில் வரும். பெயர் இல்லாத பணத்தில் ஓட்டுக் கேட்க மாட்டேன்" என்று மைக் பிடித்துச் சொல்லியும் விட்டார். ரோஷக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

பலகையில் மேலே, 'கோதண்டம், டீக்கடை - 50. ஜெரால்ட், ஆட்டோ - 200' என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிதான் வம்பு.

'பெயர் தெரியவில்லை - 11,000.'

"என் செலவப் பாருங்க. டீ, பன்னு, நோட்டீஸு. அவ்ளோதான்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார் சந்திரமோகன். "இன்னா சிஸ்டர், சாயந்தரத்துக்குள்ள அங்க பேரு வரணும். இல்லன்னா நீங்க சொன்ன மாதிரியே ஓட்டுக் கேக்கறத நிறுத்திடணும். சரிதானே?"

கூட்டம் சிஸ்டரைப் பார்த்தது. சிஸ்டர் பலகையைப் பார்த்தார்.

உள்ளே வந்து, மேஜை மேல் கிடந்த பதினோரு கவர்களையும் மறுபடி கொட்டிப் பார்த்தார். நான்கு நாளாக, கேட்டில் மாட்டிய தபால் பெட்டியில் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆயிரம் ரூபாய். கூடவே ஒரு சின்னப் பொட்டலம். அதில் விபூதி.

அந்த விபூதிதான் சிஸ்டரின் தூக்கத்தைக் கெடுத்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீட்டுக்கு எவர் விபூதி அனுப்புவார்?

"யாரோ செய்வினை வெச்சிருக்காங்க சுந்தரி" என்றார் கணவர் ஜெயபால், கவர்களைத் தொடாமல் தள்ளி நின்று.

"செய்வினைக்கு எவன் ஆயிரம் ரூபா வைப்பான்?"

"வேண்டுதலா இருக்குமோ?"

"வேண்டுதல்னா முருகன் மலைக்குல்ல போவணும்? தபால் பெட்டிக்கா வரும்?"

அதற்கு மேல் இருவருக்கும் எதுவும் ஓடவில்லை. ஆதரவு என்றால் பெயர் சொல்ல என்ன பயம்? விரோதம் என்றால் பணம் எதற்கு? எப்படிப் பார்த்தாலும் இடித்தது. இப்படியே போனால் சாயந்தரம் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டியதுதான் என்று நினைக்கும்போதே சிஸ்டருக்குக் கண் கலங்கியது.

மதியம் இரண்டு மணி. தெருவில் ஈ காக்கை இல்லை. தபால் பெட்டி கிறீச்சிட்டது.

ஜன்னலோரம் காத்திருந்த சிஸ்டர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து, பெட்டிக்குள் இருந்த கையைப் பிடித்துவிட்டார். மலைப் படிக்கட்டுக்குக் கீழே பூ விற்கும் ஜெயம்மாள்!

"ஜெயம்மா, நீயா?"

"வுடுங்க சிஸ்டரம்மா, யாராச்சும் பாத்துடப் போறாங்க!"

உள்ளே இழுத்துவந்து தண்ணீர் கொடுத்தார். "பூ வித்து நாளைக்கு முந்நூறு பாக்கறதே பெரிசு. உனக்கு ஏது ஆயிரம் ரூபா?"

"என்னுது இல்லீங்க. சந்திரமோகன் ஆளுங்க வூடு வூடா குடுத்துகினு போறாங்கம்மா, ஓட்டுக்கு ஆயிரம்னு. வேணாம்னா பகை. வாங்கினாலோ, மலை விபூதிய கையில வெச்சு முருகன் மேல சத்தியம் வாங்கறாங்க."

"சரி, அத ஏன் என் பெட்டியில போடற?"

"ஓட்டு உங்களுக்குத்தான்னு நாங்க முடிவு பண்ணிக்கினோம். அவங்க காசயும் அந்த விபூதியயும் வூட்டுல வெச்சிக்கினு உங்களுக்குப் போட்டா, சத்தியம் சும்மா வுடுமா? உண்டியல்ல போட்டுடலாம்னா, லஞ்சக் காச சாமிக்குப் போட மனசு வரல. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்க வூட்டுல முருகன் மேல பண்ண சத்தியம் ஒண்ணும் பண்ணாதுன்னு தெருவே கூடிப் பேசித்தான்..."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பேர மட்டும் பலகையில எழுதிடாதீங்கம்மா. அப்பால இந்தத் தெருவுல எங்கள வாழ வுட மாட்டாங்க."

"உங்க பேரு வராது. பயப்படாமப் போ."

அவள் போனதும் சிஸ்டர் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டு, பன்னிரண்டு கவர்களையும் வந்து எடுத்துப் போகச் சொன்னார். ஐந்தரை மணிக்கு வருவதாகச் சொன்னார்கள்.

ஐந்து மணிக்கே சந்திரமோகன் வந்துவிட்டார். காலையில் இருந்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம்.

"இன்னா சிஸ்டர், பேரு கெடச்சுதா?"

"ஆங், கெடச்சுதுங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிஸ்டர் கடைசி வரியைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்து, நிதானமாக, கொட்டை எழுத்தில் எழுதினார்:

'சந்திரமோகன், எதிர் வேட்பாளர் - 12,000.'