கெண்டையின் வெற்றிகள்

“வந்துட்டான்! மறுபடியும் தோத்துப்போக வந்துட்டான்!” ஆற்றில் கெண்டை துள்ளிக் குதித்தது.

கரையில் நின்ற தூண்டில்காரன், முள்ளில் இறகு கட்டிச் செய்த பொய் ஈயைத் தண்ணீர்மேல் வீசினான்.

“கோடையில பச்சை ஈ, மழையில கறுப்பு ஈ, பனியில வெள்ளை ஈ. ஒவ்வொரு தடவையும் கடிச்சேன். ஒவ்வொரு தடவையும் அவன் கையிலேர்ந்து நழுவிட்டேன்!”

“நீ எங்கடா நழுவினே? அவனே முள்ளைக் கழட்டி உன்னைத் தண்ணியில விட்டான். நான் பார்த்தேனே” என்றது பாறையடி நண்டு.

“உனக்குப் பொறாமை!”

நண்டு கரையை எட்டிப் பார்த்துப் பதறியது. “டேய், போகாதே! இன்னைக்கு அவன் தோள்ல புதுசா ஒரு கூடை தொங்குது!”

“கூடையா? அப்போ எனக்குப் பரிசும் கொண்டுவந்திருக்கான்!” என்று கத்தியபடியே கெண்டை ஈயை நோக்கிப் பாய்ந்தது.