இன்றைய நான்கு பக்கம்

பேனாவில் இருந்த மையைக் கொட்டினான். நிப்பைக் கழுவினான். துடைத்தான். மறுபடி மை நிரப்பினான்.

மணி பதினொன்றே கால்.

தாளில் ஒரு வரி இருந்தது. 'அருணாசலம் பஸ்ஸிலிருந்து இறங்கினான்.'

பன்னிரண்டு நாளாக இறங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த வருடத்தில் டவுன் பஸ் என்ன நிறம்? அது தெரிந்தால் மேலே போகலாம். போனை எடுத்தான்.

பன்னிரண்டரைக்கு, போன் வீடியோவில் யாரோ ஒருவர் கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டில் கிணறு இல்லை.

ஒரு மணிக்குச் செண்பகம் போனில் கூப்பிட்டாள். அவன் மனைவி. கோர்ட்டில் டைப்பிஸ்ட்.

"சாப்பிட்டாச்சா?"

"இல்ல. எழுதிட்டு இருக்கேன்."

"அப்போ போனை வைக்கேன். பெஞ்ச் கிளார்க் சாமுவேல் சார் கேக்காரு, உங்க வீட்டுக்காரர் நாவலு எத்தனாவது வாய்தாவுல இருக்குன்னு."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"வாய்தாவெல்லாம் முடிஞ்சுது, தீர்ப்புதான் பாக்கின்னு சொல்லிட்டேன்," என்றாள்.

வைத்துவிட்டாள்.

ஒரு வருடம் என்று சொன்னவளும் அவள்தான். வேலையை விடுங்க. வீட்டை நான் பாத்துக்கிடுதேன். ஒரு வருசம், எழுதி முடிங்க.

பத்து மாதம் போயிருந்தது.

சாப்பிட்டான். தட்டைக் கழுவினான். காலையில் அவள் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களையும் கழுவினான். இட்லித் தட்டின் குழிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். அந்த அரைமணி நேரம், எழுதாமல் இருப்பது தப்பாகத் தெரியவில்லை.

கை காய்ந்ததும் தெரிந்தது.

மூன்று மணிக்கு 'அப்போது' என்று எழுதினான்.

கோடு போட்டு அடித்தான்.

நான்கு மணிக்கு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தான். பழைய வேட்டிகளுக்கு அடியில் கையை விட்டான்.

ஒரு கட்டுத் தாள். ஒன்பது வருடத்துக்கு முன் எழுதி, அறுபதாவது பக்கத்தில் நின்றுபோன வேறொரு நாவல்.

நேற்று விட்ட இடத்திலிருந்து பார்த்து எழுதத் தொடங்கினான். பிச்சையா என்று வந்த இடத்திலெல்லாம் அருணாசலம் என்று போட்டான். பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. கழுத்து வியர்த்தது.

நாள் முழுக்க இப்போதுதான் கை எழுதியது.

முதல் நாள் இப்படிச் செய்தபோது, இன்று மட்டும் என்று நினைத்தான். நாளை எட்டுப் பக்கம் எழுதிவிட்டு இந்த நான்கைக் கிழித்துவிடலாம். அவள் வெறும் கையோடு கணினி முன்னால் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

தினமும் நான்கு பக்கம் அவன் எழுதுவான். மாலையில் அவள் வந்து அடித்துக் கொடுப்பாள். ஏழு புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. இந்த அறுபது பக்கங்களையும் அப்போது அவள்தான் அடித்தாள். அந்தக் கணினி பழுதாகித் தூக்கிப் போட்டாயிற்று.

ஞாபகம் இருக்குமோ என்று பயந்தான். ஒன்பது வருடம். அதோடு, அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

டைப் அடிக்கையில அர்த்தம் பாக்கக் கூடாது. கண்ணு தாளுல, கை கீயில. இல்லன்னா கொலைக் கேஸெல்லாம் எப்படி அடிக்கது?

இன்றோடு பன்னிரண்டு நாள். தாள்கட்டில் மீதி பன்னிரண்டு பக்கம்.

நான்காம் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றது. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு விட்ட இடம். தாள்கட்டை வேட்டிகளுக்கு அடியில் தள்ளினான்.

அவள் முகம் கழுவி வந்தாள். பாத்திரங்களைப் பார்த்தாள்.

"எழுதுற மனுசன் இதெல்லாம் செய்யணுமா?"

"கை மரத்துப் போச்சு. அதான்."

மேசையில் இருந்த தாள்களை எண்ணினாள்.

"நாலு," என்றாள்.

உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தது. தாள்களை இடப்பக்கம் சாய்த்து வைத்தாள். விரல்கள் தொடங்கின.

அவன் காபி போட்டு எடுத்துவந்து அவள் பின்னால் நின்றான். கொடுக்கவில்லை. அடிக்கும்போது கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

முதல் பக்கம். இரண்டாவது. மூன்றாவது. முடிந்த ஒவ்வொரு தாளையும் கவிழ்த்து வைத்தாள்.

நான்காவது தாளையும் கவிழ்த்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

அவன் திரையைப் பார்த்தான். 'வாசலில் நின்றவளிடம்' என்பதோடு அவனுடைய தாள் முடிந்திருந்தது.

திரையில் முடியவில்லை.

'வாசலில் நின்றவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பிச்சையா'

விரல்கள் நின்றன.



அவள் கவிழ்ந்த தாளைப் பார்க்கவில்லை. ஒரு விரலால் அழிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக. பெயர் போயிற்று. சாவி போயிற்று. 'நின்றவளிடம்' வந்ததும் நிறுத்தினாள்.

டம்ளர் அவன் கையில் ஆறிப்போயிருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நாளைக்கு இந்த இடத்துலருந்துதானே?" என்றாள், திரும்பாமல்.

சேமிக்கும் விசைகளின் மேல் அவள் விரல்கள் இருந்தன.

இன்னும் அழுத்தவில்லை.