கெட்டிலில் வெந்த வால்வு

"இந்த வால்வு சரியில்லைங்க. வேற குடுங்க."

தங்கதுரையின் காதில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகியது போலிருந்தது. விருத்தாசலத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் சாமான் கடை நடத்துகிறார். டூப்ளிகேட் என்ற சொல் அந்த வாசல்படியைக்கூட மிதித்ததில்லை. இன்றைக்கு, கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்து, ஒரு அம்மாள் தெர்மோஸ்டாட் வால்வைக் கவுண்டர் மேல் பொத்தென்று வைக்கிறாள்!

"எந்த வண்டிக்கும்மா?"

"பழைய மாருதி எண்ணூறு. என் பேரு நீலாவதி. எங்க வூட்டுக்காரரு கலியபெருமாள் போன வாரம் உங்ககிட்டதான் வாங்கியாந்தாரு. மெக்கானிக்க வுட்டுக் கழட்டியாந்துட்டேன்."

"ஞாபகம் இருக்குது. பழைய வால்வு தொறக்காம அடைச்சுக்கிச்சு, இன்ஜின் கொதிக்குதுன்னாரு. கம்பெனி சாமானாப் பாத்துக் குடுத்தேன். இப்ப என்னா?"

"ஞாயித்துக்கெழம நல்லூரு வழியாப் போனோம். அங்க ரோட்டு மேலயே எங்க மூத்தாரு வூடு இருக்குது. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு அறுந்து பதினோரு வருஷமாச்சு. அந்த வாசல்ல எனக்கு நெஞ்சே வெடிச்சுப் போச்சுங்க. வர்ற வியாழக்கெழம அந்த வூட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்குள்ள சரியான வால்வ மாட்டியாகணும்."

தங்கதுரைக்குக் காட்சி கண்முன் விரிந்தது. பானெட்டிலிருந்து புகை. ஆகாத அண்ணன் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். எல்லாம் இந்தக் கடைச் சாமானால்!

பக்கத்து மங்களூர் கிராமத்திலிருந்து வந்திருந்தவர், அப்போதுதான் வாங்கிய பிரேக் ஷூவை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

இனி சும்மா இருக்க முடியாது. எதிர்க்கடைக்காரன் ஏவிவிட்ட ஆளோ? வழியில் வால்வை மாற்றிக் கொண்டுவந்துவிட்டாளோ? தங்கதுரை முத்திரையை உற்றுப் பார்த்தார். தன் கடைச் சரக்குதான்.

"எல்லாரும் பாருங்க" என்று சத்தமாகச் சொல்லி, டீ போடும் கெட்டிலைக் கவுண்டர் மேல் வைத்து, வால்வை நூலில் கட்டி உள்ளே இறக்கினார். சூடு பட்டால் திறந்து இன்ஜினுக்குத் தண்ணீர் விடுவதுதான் அதன் வேலை. தண்ணீர் சூடேறியதும் அது கோழிக்குஞ்சு போல வாயைத் திறந்தது.

"பாத்தீங்களா, எப்படித் தொறக்குது!"

"தொறக்குதுதான்" என்றாள் நீலாவதி, முகத்தைச் சுளித்து. "வேற கம்பெனி காட்டுங்க."

வேறு காட்டினார். அவள் அதைக் காதோரம் வைத்து நகத்தால் தட்டினாள்.

"என்னம்மா, தேங்காயா வாங்குறீங்க?"

"செராமிக் கம்பெனியில செக்கிங்ல இருக்கேங்க. கப்பத் தட்டுனா சத்தத்துலயே விரிசல் தெரிஞ்சுடும். முப்பது வருஷமா ரிஜெக்ட் பொறுக்குற கை இது."

ரிஜெக்ட்டா! பிரேக் ஷூக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

கடையில் இருந்த கம்பெனி அத்தனையும் கெட்டிலில் வெந்தது. எழுந்த ஆவியில் ஒரு கல்யாணப் பந்திக்கே இட்லி அவித்திருக்கலாம். ஒவ்வொன்றும் அழகாகத் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"கீழ அந்த டப்பாவுல என்னா?"

"அது பழைய இரும்புக்குப் போடுற கழிசல்மா."

"எடுங்க, பாப்போம்."

நல்ல சரக்கைக் கீழே ஒளித்து வைத்து வியாபாரம் செய்கிறேன் என்று நினைக்கிறாள்! தங்கதுரை கோபத்தோடு டப்பாவைத் தூக்கி வைத்தார். நீலாவதி கிளறினாள், தட்டினாள், ஒதுக்கினாள். கறுத்துப்போன ஒன்றைத் தட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. கெட்டிலுக்குள் போட்டாள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதி வற்றியது. வால்வு வாயைத் திறக்கவே இல்லை.

"இதான்! இதையே கட்டிக் குடுங்க."

"யம்மா! இது உங்க வூட்டுக்காரரு கழட்டிப் போட்டுட்டுப் போன செத்த வால்வு! இத மாட்டுனா வண்டி நல்லூரத் தாண்டாது, கொதிச்சு நின்னுடும்!"

"நிக்கட்டுங்க" என்றாள் நீலாவதி, வால்வை முந்தானையில் துடைத்தபடி. "இது இருந்தப்ப மூணு தடவ மூத்தாரு வூட்டு வாசல்லயே நின்னுச்சு. மொதத் தடவ எங்க வூட்டுக்காரரு பேசாமக் கொடத்த நீட்டுனாரு, ரெண்டாந் தடவ 'அண்ணே, தண்ணி'ன்னாரு, மூணாந் தடவ உள்ள போயிக் காப்பியே குடிச்சாரு. உங்க நல்ல வால்வ மாட்டுனதும் வண்டி நிக்காமப் போயிடுச்சு. இன்னும் ஒரே ஒரு தடவ கொதிச்சா கல்யாணப் பத்திரிகையக் கையில வாங்கிடுவாரு!"