தோஹாவிலிருந்து ஓர் எதிராளி

உலகம் அழிந்தபின் மிஞ்சியவர்கள் மோதுகிற விளையாட்டு அது. கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தனியாக இருக்கும் கிஷாந்த், சோடா மூடியிலும் கம்பியிலும் விரலளவு வீரர்களைச் செய்து மேசையில் படையாக நிறுத்தியிருந்தான். எதிராளியின் பெயர் 'நரி'. தோஹாவில் வேலையாம். இருவரும் அவரவர் இடத்தில் பகடையை உருட்டிவிட்டு, நகர்த்தியதைப் போனில் எழுதி அனுப்புவார்கள்.

"ஒங்க படையில வைத்தியர் இல்லையா?" என்று கேட்டது நரி.

"இருந்தாரு. கூடாரத்தப் பங்கு போடுறப்போ சண்டை. பிரிஞ்சு போயிட்டாரு."

அடுத்த நகர்வுக்குப் பதிலாக இன்னொரு கேள்வி வந்தது.

"திரும்பி வந்தா சேத்துக்குவீங்களா?"

"வந்து கேட்டாத்தானே?"

அப்போது லயம் முழுவதும் இருண்டது.

"கரண்ட் போயிருச்சு. கொஞ்சம் பொறுங்க" என்று தோஹாவிலிருந்து செய்தி வந்தது.

கிஷாந்துக்கு வியப்பில்லை. பக்கத்துக் காம்பராவில் பகடை உருளும் சத்தம் கூரையை எட்டாத சுவரைத் தாண்டி விளையாட்டின் முதல் நாளே கேட்டிருந்தது. அப்பாவின் வீட்டை இரண்டாகத் தடுத்த நாளிலிருந்து, அந்தப் பக்கத்தில் இருக்கும் அண்ணன் நவநீதன் அவனோடு பேசுவதில்லை.

"தோஹாவுலயும் கரண்ட் போகுமாண்ணே?" என்று எழுதினான். சுவருக்கு அப்பால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. எழுதியதை அழித்தான்.

"சரிங்க. காத்திருக்கேன்" என்று அனுப்பினான்.