பாலத்துக்கு வந்த கல்

இதை எனக்கு முதலில் சொன்னது, எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் ரெஜினா அக்கா. போன தவக்காலத்தில், பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னார்.

ஓர் ஊர் எல்லையில், வாய்க்கால் மேலே ஒரு சின்னப் பாலம் இருந்தது. அதன் கால் ஒன்றில் ஏற்கெனவே விரிசல். அங்கே ஒருவர் பெரிய கிடங்கு கட்ட வந்தார்.

"உங்க லாரிங்க ஓடினா பாலம் தாங்காது. அதைப் பலப்படுத்த கல்லும் சிமெண்டும் குடுத்தாத்தான் அனுமதி" என்றது நகராட்சி. அவரும் கொடுத்தார்.

நகராட்சி அந்தக் கல்லை வைத்துப் பாலத்துக்கு முன்னால் ஓர் அலங்கார வளைவு கட்டியது.

"தம்பி, அது என் காலுக்கு வந்த கல்லுப்பா" என்றது பாலம்.

"கோவிச்சுக்காதக்கா. 'பாலம் பலப்படுத்தும் நிதியில் கட்டியது'ன்னு என் நெத்தியிலேயே எழுதியிருக்காங்க பாரு" என்றது வளைவு.

"எழுத்து வந்து லாரியைத் தாங்குமா?"

"அதை நகராட்சியில கேளு. எனக்கு இன்னும் பெயிண்டே காயல."

அப்போது முதல் லாரி மூட்டைகளோடு வந்து நின்றது. "அக்கா, எங்க முதலாளிதான் உங்களுக்குக் கல்லு குடுத்துட்டாரே. தைரியமா ஏறலாமில்ல?"

பாலம் வளைவைப் பார்த்தது. வளைவு வானத்தைப் பார்த்தது.

"ஏறுப்பா, நீ என்ன பண்ணுவே" என்றது பாலம்.

விரிசல் பெரிதானது. பிறகு இரண்டாவது கிடங்கும் வந்தது. அந்தக் கிடங்குக்காரர்கள் பாலத்துக்கென்று கொடுத்த பணத்தில், நகராட்சி வளைவுக்கு சீரியல் விளக்கு போட்டது.

நீங்கள் அந்தப் பக்கம் போனால், பாலம் வந்ததும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.