இனிமே ரீடிங் கிடையாது

“அடுத்த மாசத்துல இருந்து மீட்டர் ரீடிங் எல்லாம் பாக்க மாட்டேன். கரண்டுக்கு ஃபிக்ஸடா ஆயிரத்து ஐநூறு. வாடகையோட சேத்துக் குடுத்துரு.”

சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா விக்டோரியா உள்ளே போகத் திரும்பினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். பேச்சில் எப்போதும் ஒரு கறார்.

மாடியில் குடியிருக்கும் தமிழ்ச்செல்விக்குச் சுர்ரென்று ஏறியது.

“என்னக்கா இது அநியாயமா இருக்கு? மிஷின் வந்ததுல இருந்து எங்களுக்கு ஆயிரத்து இருநூறைத் தாண்டுனதே இல்லையே!”

“இருக்கட்டும். எம்புட்டு ஓடுனாலும் ஆயிரத்து ஐநூறு. ஓடாட்டியும் ஆயிரத்து ஐநூறு. பிடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்க.”

தமிழ்ச்செல்வி திடுதிடுவென்று மாடிப்படி ஏறினாள்.

கட்டிலில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் அழகுபாண்டி. பதினெட்டு வருஷம் கல் குவாரியில் தூசி குடித்த நுரையீரல். ‘ஆக்சிஜன் மிஷினை நாள் பூரா மாட்டியிருக்கணும்’ என்று டாக்டர் சொல்லி நாலு மாசம் ஆகிறது. மாட்டியும் இரைப்பு குறையவில்லை. இந்த வாரம் பாத்ரூம் போய் வரவே திணறுகிறான்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது.

“ஒத்துக்கிறாத செல்வி... பழையபடி ரீடிங் பாத்தே... தாரோம்னு சொல்லு. கம்மியா ஓடுனா... கம்மியாத்தான கட்டணும்?”

“அதானே! திருமங்கலம் பக்கம் போனா இதைவிடக் கம்மி வாடகைக்கு வீடு கிடைக்கும். இன்னைக்கே ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாரேன்.”

ஜவுளிக்கடை வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் போகிற போக்கில் விடுவதாக இல்லை அவள். கீழே வந்து வாசலிலேயே நின்று சத்தம் போட்டாள்.

“ஞாயித்துக்கிழமையானா பைபிளைத் தூக்கிட்டுச் சர்ச்சுக்குப் போறீகளே, சீக்காளி வீட்டுல மாசம் முன்னூறு ரூபா பிடுங்கச் சொல்லியா அங்க சொல்லிக் குடுக்காக?”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தண்ணி பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

விக்டோரியாவின் முகம் சிவந்தது. சட்டென்று தமிழ்ச்செல்வியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசு. மேல அவருக்குக் கேட்டுரப் போகுது.”

“கேக்கட்டுமே! உண்மையத்தான சொல்றேன்?”

விக்டோரியா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் நாள் பூரா இந்த வீட்டுலதான் கெடக்கேன். மேல மிஷின் ஓடுறது எனக்கு நல்லாக் கேக்கும். காலையில நீ கடைக்குப் போனதும் அந்தச் சத்தம் நின்னுருது. சாயங்காலம் நீ தெருமுனையில திரும்பும்போதுதான் மறுபடி ஓடுது.”

தமிழ்ச்செல்விக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டபோது கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“பழுதாயிருச்சோன்னு போன வாரம் மேல போய்ப் பாத்தேன். குழாய் இல்லாம, சுவத்தைப் பிடிச்சு நின்னு இரைச்சுக்கிட்டு இருக்காரு. ‘நாள் முழுக்க நின்னு சம்பாதிக்கிறா, மீட்டரு சுத்துறதைப் பாத்தா மனசு கேக்கல’ங்காரு. உன்கிட்டச் சொல்ல வேணாம்னு கையெடுத்துக் கும்பிடுறாரு.”



“அக்கா... பகல்லயும் ஓடுனா ஆயிரத்து ஐநூறு பத்தாதே...”

“அது எனக்குத் தெரியாதா?” என்றார் விக்டோரியா. “எப்படியும் அம்புட்டையும் கட்டித்தான் ஆகணும்னு தெரிஞ்சா, மனுசன் மிஷினை அணைக்க மாட்டாருல்ல?”